புயல் அன்று பால் கொடுத்த கடை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

வீட்டுக்கு எங்கே பால் வாங்குவது என்பதை முடிவு செய்வது விலையா, நம்பிக்கையா? விலைதான் என்று எனக்கு முன்னால் பேசிய தங்கை கணக்குப் போட்டே காட்டினார். ஆவின் நீலப் பாக்கெட் லிட்டர் 40 ரூபாய். தனியார் பால் அதைவிடப் பத்து ரூபாய்க்கு மேல் கூடுதல். தினம் ஒரு லிட்டர் என்றால் மாதம் 300 ரூபாய் மிச்சம். சரிம்மா, கணக்கில் தப்பே இல்லை. அப்படியானால் தனியார் பால் இத்தனை லட்சம் அடுப்புகளில் தினமும் ஏன் பொங்குகிறது? ஆவின் எல்லாத் தெருவுக்கும் போதுமான அளவு வருவதில்லை என்பீர்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆவின் பூத்தைத் தாண்டிப் போய் வேறு பால் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே! அதேபோல, ஆவின் மாத அட்டைக்கு வாங்கும் பாலைத் தவிர வேறு எதையும் தொடாத வீட்டில் கேட்டுப் பாருங்கள். “கவர்மெண்ட் பால், பயமில்லை” என்பார்கள். இன்னும் சிலர் பாக்கெட்டே வேண்டாம் என்று, மாட்டுக்காரர் கண்ணெதிரே கறந்து தரும் பாலைக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

கையில் இருபது ரூபாய்தான் என்றால் விலைதான் முடிவு செய்யும், ஒத்துக்கொள்கிறேன். அந்த வீட்டுக்குத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. நாம் பேசுவது தேர்வைப் பற்றி.

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கலாம். பாலை எதை ஒடித்துப் பார்ப்பது? இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படம் இருந்தது வெறும் 12-இல். ஆனால் மாட்டுத் தீவனத்தில் பிடிக்கும் பூஞ்சையிலிருந்து வரும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு, நூற்றில் ஐந்துக்கும் மேற்பட்ட மாதிரிகளில் அளவைத் தாண்டியிருந்தது. அதிலும் நம் தமிழ்நாட்டு மாதிரிகள்தான் அதிகம். அந்த நஞ்சு காய்ச்சினாலும் போகாது, நாக்குக்கும் தெரியாது. பிள்ளைக்குப் பால் ஆற்றும் ஒரு தாய் இதை எப்படிக் கண்டுபிடிப்பாள்? யாரையாவது நம்பித்தானே ஆக வேண்டும்!

அப்புறம், 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். சென்னையில் எங்கள் தெருவில் தண்ணீர் வடியவில்லை, பாலுக்கு அலைந்தோம். நாங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் அரை லிட்டர் பாக்கெட்டை அச்சிட்ட விலையைப் போல இரண்டு மடங்குக்கு விற்றார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு அண்ணன் கடை. முழங்கால் தண்ணீரில் டப்பைச் சுமந்து வந்து, கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலில் எடுத்து வைத்துவிட்டு, மீதியை அச்சிட்ட விலைக்கே கொடுத்தார். என் அக்கா மகளுக்கு அப்போது ஏழு மாதம்.

தண்ணீர் வடிந்ததும் பழைய கடையில் பழைய விலை வந்துவிட்டது. இன்று இரண்டு கடையிலும் ஒரே பால், ஒரே விலை. என் அம்மாவுக்கு முட்டிவலி. பக்கத்துக் கடைக்கு நாற்பது அடிதான். ஆனாலும் காலை ஐந்தரை மணிக்குக் கூடையை எடுத்துக்கொண்டு அந்த அண்ணன் கடைக்குத்தான் நடக்கிறார். தங்கையின் கணக்கில் அந்த இரண்டு தெரு எந்த வரியில் வருகிறது என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.