தரையில் விழுந்த பிறைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டைக்குத் துணி வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்துக்குக் குடைவார்கள், கைக்குழிக்கு வளைத்து எடுப்பார்கள். அப்படி எடுத்த துணி எங்கே போகிறது? ஆயத்த ஆடைக்கு வெட்டும் துணியில் ஏறத்தாழ 15 சதவீதம் தரையில் விழுகிறது என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பஞ்செடுத்து, நூற்று, நெய்து, சாயமும் ஏற்றிய துணி, ஒருவர் உடம்பிலும் படாமல் குப்பைக்குப் போகிறது. எனக்கு ஆறவே ஆறாத விஷயம் இது.

நான் வேலை பழகிய கட்டிங் மாஸ்டர் சாயங்காலம் துடைப்பத்தைத் தொட விடமாட்டார். "விழுந்ததையெல்லாம் பொறுக்கு. மறுபடி துணியாச் சேர்த்துப் பாரு" என்பார். மண்டிபோட்டு உட்கார்ந்து சேர்ப்பேன். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. நாலைந்து நாளில் ஒன்று பிடிபட்டது. துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டாகத்தானே வெட்டுகிறோம்? நூறு அடுக்கு என்றால், கைக்குழியில் விழும் அந்தப் பிறைத் துண்டும் நூறு. ஒரே அளவு, ஒரே வளைவு. திரும்பவும் சொல்கிறேன், ஒரே பிறை, நூறு தடவை! அதைக் கழிவென்று எப்படிச் சொல்வது? அது சரக்கு. இரண்டு பிறைகளை எதிரெதிரே வைத்தால் ஓர் இலை. அந்த இலைகளை வரிசையாக வைத்துத் தைத்து ஒரு பாவாடையின் கீழ்ச்சுற்றை முடித்தேன். விழப்போகும் துண்டின் வடிவம் பேட்டர்ன், அதாவது வெட்டுவதற்கான மாதிரி, வரையும்போதே தெரியும். அப்போதே அதற்கு வேலை கொடுத்துவிட வேண்டும்.

உடுத்திப் பழசான துணியின் கதை வேறு. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அங்கேதான் கைவேலை தெரிந்தவர்கள் வேண்டும். வங்காளத்துக் காந்தாவைப் பாருங்கள். நைந்த சேலைகளை அடுக்கி, நெருக்கமாக நூலோட்டம் போடுவார்கள். அந்த நூலையும் பெரும்பாலும் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். கரை நூல் உருவிப் பார்த்திருக்கிறீர்களா? வெடுக்கென்று இழுத்தால் அறுந்துபோகும். நிதானமாக இழுத்தால் நெளிநெளியாக வரும், விரலால் நீவி நேராக்க வேண்டும். பலமுறை துவைத்த பருத்தியில் ஊசி வழுக்கிக்கொண்டு போகும். தையல் இழுத்த இடமெல்லாம் துணி சிற்றலை போலச் சுருங்கி நிற்கும். தடவிப் பார்த்தால் கை எடுக்க மனம் வராது. நலிந்த துணிகள் சேர்ந்து ஒரு போர்வைக்குரிய பலம் பெறுவது அந்த நூலோட்டத்தால்தான். ஜப்பானியக் குடியானவர்களின் 'போரோ'வும் இதே வகை. நீலத் துணியில் ஒட்டு மேல் ஒட்டு. அந்நாட்டு மரபு அங்கியான கிமோனோவையும் சொல்ல வேண்டும். ஒரு முழத்துக்கும் குறைந்த அகலமுள்ள நீளத் துணியை நேர்க்கோட்டிலேயே வெட்டுவதால் தரையில் அனேகமாக எதுவும் விழாது. துவைக்கும்போது தையலைப் பிரித்து, பிறகு மறுபடி தைப்பதும் உண்டு.

வடிவமைப்பாளர்களிடம் நான் கேட்பது இதைத்தான். படமெல்லாம் வரைந்து முடித்தபின், பூ போட்டுத் தருவதற்கு மட்டும் கைவினைஞரைக் கூப்பிடாதீர்கள். முதல் நாளே பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தத் துணி ஊசி தாங்கும் என்று அவர் விரல் சொல்லிவிடும்.

நிலையத்தார் கை காட்டுகிறார்கள். துணியை மறுபடி பஞ்சாக்குவது பற்றியும் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாக: கிழித்துப் பஞ்சாக்கினால் இழை குட்டையாகிவிடும், நூலில் வலு குறையும், புதுப்பஞ்சு கலந்தாக வேண்டும். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணியைப் பிரிப்பது இன்னும் கடினம். அதனால் துணித் துண்டாக இருக்கும்போதே பயன்படுத்திவிடுங்கள். கூலி பற்றி இன்னொன்று: ஒட்டுத்துணியில் வேலை செய்யப் புதுத்துணியைவிட நேரம் அதிகம் பிடிக்கும், அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.