கடல் தெரிகிற மேசையில் சாப்பிட உட்காராதீங்க! பினாங்கில் காவடியில் வந்த சோறு

[நேராகக் கேமராவைப் பார்த்து]

வணக்கமுங்க! கொடுமுடியில் காவிரித் தண்ணீரை முகந்து, தீர்த்தக் காவடியாகத் தோளில் வைத்துப் பழனிக்கு நடந்திருக்கிறீர்களா? நடக்காவிட்டாலும் பங்குனி உத்திர சமயத்தில் ரோட்டோரம் நின்று பார்த்திருப்பீர்கள். தோளில் ஒரு தண்டு, இந்தப் பக்கம் ஒரு சொம்பு, அந்தப் பக்கம் ஒரு சொம்பு. இப்போது அந்தச் சொம்புகளை எடுத்துவிட்டு ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறு பக்கம் குழம்புப் பானை என்று கட்டிப் பாருங்கள். மலேசியாவில் ஒரு தீவு முழுக்க இந்தக் காவடிச் சோற்றுக்குத்தான் நடு ராத்திரியிலும் வரிசையில் நிற்கிறது.

நாங்கள் அந்தத் தீவுக்குப் போய், முதல் ராத்திரி அந்தச் சோற்றைச் சாப்பிடவில்லை. 3,000 ரூபாய்க்கு ஒரே ஒரு மீன் சாப்பிட்டோம். அந்தத் தப்பை நீங்கள் செய்யக் கூடாது என்றுதான் இந்த வீடியோ.

[பினாங்கு வரைபடம்]

இடம் பினாங்கு. பினாங் என்றால் மலாய் மொழியில் பாக்கு, அதாவது பாக்குத் தீவு. 1786-ல் பிரான்சிஸ் லைட் என்கிற ஆங்கிலேயர் வந்து துறைமுகம் அமைத்தார், ஊருக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர், 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. வரலாறு இவ்வளவு போதும். கோவையில் ஏறி சிங்கப்பூரில் விமானம் மாறினால் போய்விடலாம்.

சரி, அந்த மீன் கதைக்கு வருகிறேன். நாங்கள் ஆறு பேர். நான், வீட்டுக்காரி, இரண்டு குழந்தைகள், அம்மா, அம்மாவைப் பெற்ற அம்மிச்சி. அறை எடுத்திருந்தது பத்து ஃபெரிங்கி என்கிற கடற்கரையில். சாயங்காலம் நடந்து போகும்போது ஒரு ஓட்டல். மணலில் மேசை, தொங்கும் விளக்கு, கண்ணாடித் தொட்டியில் உயிர் மீன். வாசலில் நின்றவர் அவ்வளவு அன்பாகக் கூப்பிட்டார். மெனுவில் களவா மீனுக்கு 14 ரிங்கிட் என்று போட்டிருந்தது. அப்போது ஒரு ரிங்கிட் 20 ரூபாய் சொச்சம், அப்படியானால் 300 ரூபாய்க்குள் ஒரு முழு மீன் என்று கணக்குப் போட்டு உட்கார்ந்தோம். அந்த 14 என்பது 100 கிராமுக்கு. மீன் 900 கிராம். அதற்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், 6 சதவீதம் வரி. கூட்டிப் பார்த்தால் 146 ரிங்கிட். மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இந்த இரண்டும் தனியாக ஏறும் என்று அர்த்தம். எங்களுக்கு அது பில் வந்த பிறகுதான் தெரிந்தது.

காசு கூடப் போகட்டும். மீன் சுவையாகவே இல்லை. எனக்குக் கோபம் வந்தது அதில்தான்.

நம் கொங்குப் பக்கத்தில் ஆட்டுக்கறியைப் பார்த்ததும் இளசா முற்றலா என்று சொல்லிவிடுவோம். நாட்டுக்கோழியைக் கையில் தூக்கிப் பார்த்தே வயதைச் சொல்கிறவர்கள் உண்டு. மீன் அப்படி இல்லை. கடல் நமக்குத் தூரம். பவானிசாகர் அணை மீன், மேட்டூர் அணை மீன் என்று வளர்ந்தவர்களுக்குக் கடல் மீனில் கண் பழகியிருக்காது. கண் தெளிவாக இருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும், விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழ வேண்டும். இந்த மூன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியம், எடை போடும்போது பக்கத்தில் நின்று மொத்த விலையைச் சொல்லச் சொல்லிவிட்டு, அப்புறம் சமைக்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். நம் ஊரில் நாம் இப்படி ஏமாறுவோமா? ஊட்டிக்குப் போகும்போது பஸ்கள் மொத்தமாக நிற்கிற இடத்தில் சாப்பிடுவோமா? மாட்டோம். கொஞ்சம் தள்ளி, லாரிக்காரர்களும் பக்கத்து மில் ஆட்களும் தினமும் சாப்பிடுகிற மெஸ் எது என்று விசாரித்துத்தான் போவோம். பள்ளிபாளையம் சிக்கன் நன்றாக இருக்கிற கடை எது என்று ஈரோட்டில் கேட்டால், யாரும் அலங்கார விளக்கு போட்ட இடத்தைக் காட்ட மாட்டார்கள். ஏனென்றால் மெஸ்காரருக்கு நாளைக்கும் அதே ஆள் வர வேண்டும். கடற்கரை ஓட்டலுக்கு நாம் இன்னொரு முறை வரப்போவதே இல்லை, அது அவர்களுக்கும் தெரியும். எந்தத் தீவுக்குப் போனாலும் கடை வாசலில் நின்று நான் கேட்கிற கேள்வி இனி ஒன்றுதான்: இந்தக் கடையில் சாப்பிடுகிறவர் நாளைக்கும் வருவாரா?

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மறுநாள் 101-ஆம் எண் பஸ் ஏறி ஜார்ஜ் டவுனுக்குள் போனோம்.

[காவடிப் படம், அதன் மேல் நாசி கண்டார் தட்டு]

இப்போது நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த இடம். நாசி கண்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தண்டைத் தோளில் வைத்து இரண்டு பக்கமும் பாரம் தொங்கவிட்டுச் சுமப்பது. சொல் மலாய்ச் சொல். சோறு சுமந்தவர்கள் தமிழர்கள். கடையநல்லூர், தென்காசி பக்கமிருந்தும் இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்தும் போன தமிழ் முஸ்லிம்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் காலையில் சூடாகச் சோறு வேண்டும். அவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கடைக்குப் போக முடியாது. அதனால் கடையே தோளில் ஏறி அவர்களிடம் போனது. ஒரு பக்கம் சோறு, மறு பக்கம் குழம்பு. ஒரு மரத்தடி, கையில் ஒரு இலை, அவ்வளவுதான் ஓட்டல்.

யோசித்துப் பாருங்கள். முதல் நாளிலிருந்தே இது தினமும் வருகிறவனுக்காகச் சமைத்த சோறு. நன்றாக இல்லை என்றால் நாளைக்கு அந்த மூட்டைக்காரர் பக்கத்துத் தண்டுக்காரரிடம் போய்விடுவார். இத்தனை தலைமுறையாக அந்தப் பரீட்சையில் தேறித் தேறி வந்த சாப்பாடு இது. இன்றைக்குத் தண்டு இல்லை, கடைகள் இருக்கின்றன. கேம்பல் தெருவில் ஹமீதியா 1907-லிருந்து நடக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஒட்டி இருக்கிற ஒரு கடைக்கு எல்லோரும் சொல்கிற பெயர் என்ன தெரியுமா? பெராத்தூர். அப்படியென்றால் வரிசையில் நிற்பது! கடைக்குப் பெயரே வரிசை. எனக்கு இதைக் கேட்டதிலிருந்து சந்தோஷம் தாங்கவில்லை, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வரிசையில் உங்கள் முறை வந்ததும் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் அங்கே தடுமாறினால் பின்னால் நிற்கிறவர்களுக்குக் கஷ்டம். தட்டில் வெள்ளைச் சோறு வைப்பார். முன்னால் பாத்திரம் பாத்திரமாகப் பொரித்த கோழி, மீன், கணவாய், மீன் முட்டை, ஆட்டுக்கறி, அவித்த வெண்டைக்காய், பாகற்காய். விரலால் காட்டினால் போதும். அதற்கப்புறம்தான் வித்தை. கரண்டியை எடுத்து ஒரு பானையில் கோழிக் குழம்பு, அடுத்ததில் மீன் குழம்பு, அடுத்ததில் கறுப்பாக ஏதோ ஒன்று, எல்லாவற்றையும் அதே சோற்றின் மேல், ஒன்றன் மேல் ஒன்றாக ஊற்றுவார். வீட்டில் மீன் குழம்பையும் கோழிக் குழம்பையும் ஒரே தட்டில் கலந்தால் என் அம்மா சத்தம் போடுவார். இங்கே கலப்பதுதான் சமையலே. கலந்த குழம்புக்கு குவா சம்பூர் என்று பெயர். இன்னும் தாராளமாக வேண்டும் என்றால் பாஞ்சிர் என்று சொல்லுங்கள். பாஞ்சிர் என்றால் வெள்ளம்! சோறு மிதக்கிற அளவுக்குக் குழம்பு விழும்.

ருசி? நம் பள்ளிபாளையம் சிக்கனோடு ஒப்பிட்டுத்தான் என் நாக்கு யோசித்தது. நம்முடையது வர மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு, அவ்வளவுதான். நேராக வந்து அடிக்கும் காரம். நாசி கண்டார் அப்படி அடிக்காது. முதலில் மசாலா மணம், நடுவில் சோயா சாற்றின் இலேசான இனிப்பு, மீன் குழம்பின் புளிப்பு, அப்புறம்தான் காரம் மெதுவாக ஏறும். முதல் மூன்று வாய்க்கு எனக்குப் புரியவில்லை. நான்காவது வாய்க்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டேன். கோழியும் வெண்டைக்காயும் வைத்து நான் கொடுத்தது 14 ரிங்கிட். ஆமாம், அந்த மீனில் 100 கிராம் விலை! ஒரு எச்சரிக்கை: தட்டைப் பார்த்துத்தான் கடைசியில் விலை சொல்வார்கள். பெரிய இறால், மீன் முட்டை இரண்டையும் கைகாட்டும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் ஒரு லைக் போட்டுவிடுங்கள். காவடி தூக்கிய அந்த ஆட்களுக்காகப் போடுங்கள்.

[இரவுக் கடைத் தெரு]

மற்றக் கடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல தள்ளுவண்டிகள் சேர்ந்திருக்கிற இடத்தில் முதலில் மேசையைப் பிடியுங்கள், பிறகு எந்த வண்டியில் வேண்டுமானாலும் சொல்லிவிட்டு வாருங்கள், கொண்டுவந்து தரும்போது காசு. அசாம் லக்சா சாப்பிட்டே ஆக வேண்டும், அது மீன் புளிக்குழம்பில் அரிசி நூடுல்ஸ். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு நேரம், ஒரு விடுமுறை நாள் உண்டு. காலைக் கடையை மத்தியானம் தேடினால் காலி வண்டிதான் இருக்கும். சுவரில் ஏ, பி, சி என்று மாநகராட்சி ஒட்டியிருக்கும் சுத்தத்துக்கான தர அட்டையையும் ஒரு பார்வை பாருங்கள்.

ஜாதிக்காய் ஜூஸ் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஜாதிக்காயை ஊடுபயிராக வைக்கிறார்கள். நமக்குக் கொட்டையும் பத்திரியும்தான் காசு. பினாங்குக்காரர்கள் கொட்டையைச் சுற்றியிருக்கிற சதைப்பற்றை ஊறுகாய் போடுகிறார்கள், ஜூஸ் போடுகிறார்கள். பொள்ளாச்சியில் யாராவது தோப்புக்காரர் பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இதை ஒரு முறை செய்து பாருங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள், சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். டாகிங் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். காம்பிங் என்றால் ஆடு. ஆயாம் கோழி, ஈகான் மீன், ஊடாங் இறால், தெலூர் முட்டை, சாயூர் காய்கறி. சாயூர் என்று கேட்டு வாங்கினாலும் கீரை வதக்கலில் பெலாச்சான் என்கிற இறால் விழுது இருக்கலாம். "தாக் மாஹு பெலாச்சான்", பெலாச்சான் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீனர் கடைகளில் சில வறுவல்களைப் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சீனர்களிடமே முழுச் சைவக் கடைகளும் உண்டு. அவர்களுடைய ஒன்பது பேரரசர் விழாவின் ஒன்பது நாளும், வழக்கமாக அக்டோபர் வாக்கில் வரும், மஞ்சள் கொடி கட்டிய வண்டிகளில் சைவம் கிடைக்கும். மற்ற நாளில், 1833-ல் எழுந்த மாரியம்மன் கோயில் இருக்கிற லிட்டில் இந்தியா பக்கம் போனால் வாழை இலைச் சாப்பாடு, ரசம், மோர் எல்லாம் உண்டு. எங்கள் அம்மாவுக்கு இரண்டாம் நாள் மத்தியானம் அங்கேதான் முகம் தெளிந்தது.

[காலை, தெருவோர வண்டி]

அம்மிச்சிக்கு அது கூடப் போதவில்லை. காலையில் வெறும் வயிற்றில் சோறு ஆகாது என்பார். மூன்றாம் நாள் காலையில் ஒரு தெரு முனையில் புட்டு மாயம், அதாவது அந்த ஊர் இடியாப்பம் விற்கிற வண்டி. பார்த்ததும் அம்மிச்சி, "இது நம்ம சந்தகை" என்று நின்றுவிட்டார். மேலே தேங்காய்த் துருவல், பக்கத்தில் பழுப்புச் சர்க்கரை. ஒரு வாய் வைத்ததும் தலையை ஆட்டினார். விற்றவர் தமிழர்.

"ஏனுங் தம்பி, இது அரிசியை ஊற வெச்சு ஆட்டினதா, மாவா?"

"மாவுதான் பாட்டி. எந்த ஊர் நீங்க?"

"கோபி பக்கமுங்க. நாங்க ஊற வெச்சு ஆட்டி, மொதல்ல இட்லி மாதிரி வேக வெச்சு, சூட்டோட பிழிவோம். நீங்க பிழிஞ்சுட்டு வேக வெக்கறீங்க."

அவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். இத்தனை வருடமாகச் சந்தகைக்கும் இடியாப்பத்துக்கும் இதுதான் வித்தியாசம் என்று எனக்கே அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது. ஒன்று வெந்து பிழிவது, ஒன்று பிழிந்து வேகுவது! அதனால்தான் சந்தகை அவ்வளவு மெத்தென்று இருக்கிறது. பின்னால் ஸ்கூட்டரில் வந்த நாலைந்து பேர் பார்சலுக்கு நின்றார்கள், பேர் சொல்லாமலே ஒவ்வொருவருக்கும் எத்தனை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மிச்சியின் தட்டில் இன்னும் ஒரு கை தேங்காய் போட்டுவிட்டுக் கேட்டார்:

"நாளைக்கும் வருவீங்களா பாட்டி?"

"வருவனுங்க."

மறுநாள் ஏழு மணிக்கு எங்களை எழுப்பி, பஸ் ஏற்றிக் கூட்டிப் போனது அம்மிச்சிதான்.