10 நிமிடம் தாமதமாக வந்த நிலா! ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டிய ஓலே ரோமர்

[திரையில்: வியாழன், அருகே நான்கு புள்ளிகள்]

1676 நவம்பர் 9, பாரிஸ். வியாழனின் நிலாவான அயோ, வியாழனின் நிழலுக்குள் மறைந்திருக்கிறது. கணக்குப்படி அது வெளியே வர வேண்டிய நேரம் மாலை 5 மணி 25 நிமிடம் 45 விநாடி. வந்தது 5 மணி 35 நிமிடம் 45 விநாடிக்கு. இப்படிப் பத்து நிமிடம் தாமதமாகத்தான் வரும் என்று முன்பே சொல்லியிருந்தார் டென்மார்க்கைச் சேர்ந்த 32 வயது வானியலாளர் ஓலே ரோமர்.

வணக்கம் நண்பர்களே! ஒளியின் வேகம் முதன்முதலில் பிடிபட்டது இந்தப் பத்து நிமிடத்தில்தான்.

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடலாம். ரோமர் 1644இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் பிறந்தார், கோபன்ஹேகனில் படித்தார். பிரெஞ்சு வானியலாளர் ழான் பிக்கார் 1671இல் டென்மார்க் வந்தபோது உதவிக்குச் சேர்ந்து, அவருடனேயே பாரிஸ் போய்விட்டார்.

சரி, ஏன் அயோ? கலிலியோ 1610இல் கண்ட நான்கு நிலாக்களில் இதுதான் வியாழனுக்கு மிக அருகில் இருக்கிறது. சுமார் 42 மணி நேரம் 30 நிமிடத்துக்கு ஒரு முறை வியாழனைச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் நிழலுக்குள் மறைந்து வெளிவரும். வானத்தில் தொங்கும் கடிகாரம் என்றே சொல்லலாம். அதை வைத்து ஊர்களின் தீர்க்கரேகையைக் கணக்கிடத்தான் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் இந்தக் கடிகாரம் சில மாதங்களில் முந்தும், சில மாதங்களில் பிந்தும்.

[திரையில்: சூரியனைச் சுற்றும் பூமி, தூரத்தில் வியாழன்]

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அரை மணிக்கு ஒரு பஸ் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதே சாலையில் ஸ்டாண்டை விட்டு விலகி நடக்கிறீர்கள். பஸ் நேரத்துக்குத்தான் கிளம்புகிறது. ஆனாலும் உங்களைக் கடக்கும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இடையே அரை மணிக்குக் கொஞ்சம் அதிகமாகிறது, ஏனென்றால் அது கூடுதல் தூரம் ஓடி வர வேண்டியிருக்கிறது. திரும்பி ஸ்டாண்டை நோக்கி நடந்தால் இடைவெளி குறையும்.

ஸ்டாண்ட் வியாழன், நடப்பது பூமி, பஸ் ஒளி!

அயோ ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி அதிகபட்சம் 45 லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு விலகிப் போகிறது. அதைக் கடக்க ஒளிக்கு வேண்டியது வெறும் 15 விநாடி. ஒரு சுற்றில் இதைக் கண்டுபிடிப்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். ரோமர் செய்ததைப் பாருங்கள்: நாற்பது சுற்றுகளைச் சேர்த்துப் பார்த்தார். பதினைந்து பதினைந்து விநாடியாகச் சேர்ந்து ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகிவிட்டது! என்னைக் கேட்டால், வானியல் வரலாற்றிலேயே இவ்வளவு அழகான யோசனை குறைவு. புதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. பொறுமையாகக் குறித்து வைத்த நேரங்களே போதுமாக இருந்தன.

பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகும் என்றார். சரியான விடை சுமார் 16 நிமிடம் 40 விநாடி. வேகத்தை எண்ணாகச் சொன்னது அவர் இல்லை. ஹாலந்து விஞ்ஞானி ஹைகன்ஸ்தான் இந்த 22 நிமிடத்தை வைத்து, இன்றைய அளவில் விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டார். உண்மை வேகம் கிட்டத்தட்ட 3 லட்சம். அது பெரிய குறை இல்லை. ஒளி நொடிகூட ஆகாமல் வந்து சேர்கிறது என்று பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த் போன்றவர்களே நம்பிய காலம் அது.

பாரிஸில் மூத்த வானியலாளரான காசினி இதை ஏற்கவில்லை. மற்ற மூன்று நிலாக்களின் கணக்கு இதே போல் ஒத்துவரவில்லை என்றார். அது நியாயமான கேள்விதான், அவரை வில்லனாக்க வேண்டாம்.

1681இல் ரோமர் ஊர் திரும்பினார். நாட்டின் எடை அளவுகளைச் சீர்திருத்தினார், கோபன்ஹேகனின் காவல்துறைத் தலைவராகவும் இருந்தார். அவருடைய வெப்பமானியைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போனவர் யார் தெரியுமா? ஃபாரன்ஹீட்!

1710இல் ரோமர் இறந்தார். 1728இல் கோபன்ஹேகனில் பற்றிய பெருந்தீயில் அவருடைய குறிப்பேடுகளில் பெரும்பகுதி எரிந்துபோனது. இதைப் படித்தபோது எனக்கு மனசே ஆறவில்லை. அதே காலகட்டத்தில் இங்கிலாந்தில் வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி, நட்சத்திரங்களின் சிறு இடப்பெயர்ச்சியை வைத்து, முற்றிலும் வேறு வழியில் ஒளிக்கு வேகம் உண்டு என்று உறுதிசெய்தார். அதன் பிறகுதான் எதிர்ப்பு அடங்கியது.

உங்களிடம் சின்ன டெலஸ்கோப் இருந்தால் அயோ மறைவதை நீங்களே பார்க்கலாம், நேர அட்டவணை இணையத்தில் கிடைக்கும். பார்த்தவர்கள் எத்தனை மணிக்கு மறைந்தது என்று கமெண்டில் அவசியம் எழுதுங்கள்.