டியூக்ஸ்பரியின் மில்டன் ஆர்கன்: இடம் பெயர்ந்த ஓர் இசைக்கருவியின் வரலாறு

அவைத்தலைவர் அவர்களே, இசையன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தில் செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் கூடும் இடத்தில் டியூக்ஸ்பரி என்னும் சிற்றூர் இருக்கிறது. 1121ஆம் ஆண்டு அர்ச்சிக்கப்பட்ட அவ்வூர்ப் பெருங்கோயில் முதலில் துறவியர் மடத்துக்கு உரியதாக இருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, ஊர் மக்கள் 453 பவுன் கொடுத்து அதைத் தங்கள் பங்குக் கோயிலாக வாங்கிக்கொண்டார்கள். அங்கே ஓக் மரக்கூட்டுக்குள் நிற்கும் குழாய் ஆர்கனை மில்டன் ஆர்கன் என்று அழைக்கிறார்கள். அது அந்தக் கோயிலுக்காகச் செய்யப்பட்டதன்று. அது கடந்து வந்த வழியையும், ஒவ்வொரு முறை பிரித்துக் கட்டியபோதும் அதில் எது நிலைத்தது, எது மாறியது என்பதையும் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1631ஆம் ஆண்டளவில் ஆக்ஸ்ஃபோர்டின் மாக்டலன் கல்லூரிச் சிற்றாலயத்துக்காக இதைச் செய்தவர் ராபர்ட் டாலம். ஆர்கன் கட்டுவது அவருடைய குடும்பத் தொழில். அவருடைய தந்தை தாமஸ் டாலம், முதலாம் எலிசபெத் அரசி துருக்கி சுல்தான் மூன்றாம் மெஹ்மதுக்கு அனுப்பிய தானியங்கி ஆர்கனுடன் 1599இல் கான்ஸ்டான்டிநோபிள் வரை கடல்வழி சென்று, அதை அரண்மனையிலேயே பொருத்திக் காட்டியவர். மகனோ கத்தோலிக்கராக இருந்ததால், மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்ட 1642இல் குடும்பத்தோடு பிரான்சின் பிரித்தானி பகுதிக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள கோயில்களுக்கு ஆர்கன்கள் கட்டி வாழ்ந்தார். 1644 மே மாதத்தில், தேவாலயங்களில் உள்ள ஆர்கன்களை அகற்றி அழிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் ஆணையிட்டது. வழிபாட்டில் கருவியிசை கூடாது என்பது, அப்போது நாடாளுமன்றத்தில் ஓங்கியிருந்த தூய்மைவாதிகள் எனும் புராட்டஸ்டன்ட் பிரிவினரின் கொள்கை. நாடெங்கும் குழாய்கள் பிடுங்கி உருக்கப்பட்டன, கூடுகள் உடைக்கப்பட்டன.

மாக்டலன் கல்லூரியின் ஆர்கன் மட்டும் எப்படியோ தப்பியது. 1654 ஜூலையில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்த எழுத்தாளர் ஜான் ஈவ்லின், அந்த ஆர்கன் இன்னும் அங்கேயே இருப்பதையும், இசைக்கலைஞர் கிறிஸ்டோஃபர் கிப்பன்ஸ் அதை வாசித்துக் காட்டியதையும் தம் நாட்குறிப்பில் வியப்போடு எழுதினார். அதன் பிறகு நடந்தது இன்னும் வியப்பானது. மன்னராட்சி ஒழிக்கப்பட்டபின் நாட்டின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த ஆலிவர் கிராம்வெல், அதை அழிக்கச் சொல்லவில்லை. பிரித்து எடுத்துவரச் செய்து, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பெருமண்டபத்தில் நிறுத்திக்கொண்டார். வழிபாட்டிடத்தில் ஆர்கனை மறுத்தவர்கள் மண்டபத்தில் அதை மறுக்கவில்லை. கிராம்வெல் இசையை நேசித்தவர், ஜான் ஹிங்ஸ்டன் என்பவரைத் தம் இசைத் தலைவராகவே வைத்திருந்தார். ஆகவே இந்த ஆர்கனின் முதல் இடப்பெயர்ச்சியே அதற்குக் காப்பாக அமைந்தது.

மில்டன் என்ற பெயரும் இந்த அரண்மனை வாசத்திலிருந்துதான் ஒட்டிக்கொண்டது. கவிஞர் ஜான் மில்டன் அப்போது கிராம்வெல் அரசின் லத்தீன் செயலாளர், கண்பார்வை இழந்துவிட்டவர், அவருடைய தந்தை இசையமைப்பாளர். அவர் ஹாம்ப்டன் கோர்ட்டில் இதை வாசித்திருப்பார் என்பது செவிவழிச் செய்தியே தவிர, சான்றுள்ள வரலாறு அன்று. ஆனால் ஒரே காற்று பல வரிசைக் குழாய்களுக்குப் பிரிந்து செல்லும் ஆர்கனின் உள்ளமைப்பைத் தம் பெருங்காவியத்தில் உவமையாக்கியவர் அவர் என்பது உறுதி. அது கருவியின் உட்புறத்தை அறிந்தவர் சொல்லக்கூடிய உவமை.

1660இல் மன்னராட்சி திரும்பியதும் ஆர்கனும் மாக்டலனுக்குத் திரும்பியது. 1690இல் அதைப் புதுக்கிக் கட்டியவர் ரெனாட்டஸ் ஹாரிஸ். பிரித்தானிக்குப் போன டாலம் குடும்பத்தின் மகள் வழிப் பேரன் அவர், அந்நிய மண்ணில் பிறந்தவர். பாட்டனார் செய்த குழாய்களைப் பேரன் கையிலெடுத்துச் சீர்செய்த அந்த நிகழ்ச்சியை நான் படிக்கும்போதெல்லாம் மனம் நெகிழ்கிறது. பிறகு கல்லூரி புதிய ஆர்கன் வாங்க முடிவு செய்தபோது பழையது விலைக்கு வந்தது. 1737இல் அது டியூக்ஸ்பரியை அடைந்தது.

ஆர்கனை இடம் மாற்றுவது மேசை நாற்காலியைத் தூக்கி வைப்பது போன்றதன்று. ஒவ்வொரு குழாயும் ஒரே ஒரு சுரத்தைத்தான் தரும். அந்தச் சுரத்தின் வன்மையும் நிறமும் குழாயின் வாய் எவ்வளவு உயரம் வெட்டப்பட்டிருக்கிறது, அதன் அடியில் எவ்வளவு காற்று புகுகிறது, எத்தனை அழுத்தத்தில் புகுகிறது என்பவற்றைப் பொறுத்து அமைகின்றன. இவையெல்லாம் குறிப்பிட்ட ஒரு கட்டடத்தின் எதிரொலியைக் காதில் வாங்கிக்கொண்டு செய்யப்படுபவை. கல்லூரியின் சிற்றாலயத்துக்காகப் பதப்படுத்தப்பட்ட குழாய்கள், பருத்த தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு பெருங்கோயிலுக்கு வந்தால் அங்கே அவை மெலிந்துதான் ஒலிக்கும். எனவே, பின்னால் வந்த ஒவ்வொரு கட்டுநருக்கும் குழாய்களைப் பெருக்கும் ஆசை எழுந்ததில் வியப்பில்லை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த மென்மையான உலோகக் குழாய்கள் வேறு; கத்தி ஒரு முறை கூடுதலாகப் பட்டால் பழைய குரலை மீட்க முடியாது.

அப்போது இளைஞராயிருந்த ஹென்றி வில்லிஸ் 1848இல் இதைத் திருத்திக் கட்டினார். முந்தைய ஆண்டு குளோஸ்டர் பேராலயத்தில் செய்த வேலை அவருக்குப் பெயர் தேடித் தந்திருந்தது. 1870களில் கட்டடக்கலைஞர் கில்பர்ட் ஸ்காட் அந்தக் கோயிலைப் புதுப்பிக்கத் தொடங்கியபோது, பழையதைச் சுரண்டிப் புதிதாக்குவது பாதுகாப்பாகாது என்று கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1877இல் எதிர்த்தெழுந்து, பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தையே நிறுவினார். கல்லுக்காக எழுந்த அந்தக் கேள்வி அதே கூரையின் கீழிருந்த ஆர்கனுக்கும் அப்படியே பொருந்தும் என்பது என் கருத்து.

1887இல் இன்னோர் ஆர்கனும் இந்தக் கோயிலுக்கு இடம் பெயர்ந்து வந்தது. மிச்செல், தின் என்னும் இருவர் 1885இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் நடந்த புத்தாக்கக் கண்காட்சிக்காகக் கட்டியதை, குரோவ் என்ற பாதிரியார் விக்டோரியா அரசியின் பொன்விழாவையொட்டி வாங்கி நன்கொடையாகக் கொடுத்தார். அவர் பெயராலேயே அது குரோவ் ஆர்கன் என வழங்குகிறது. 1948இல் வாக்கர் நிறுவனம் மில்டன் ஆர்கனைத் திரும்பக் கட்டியபோது இரண்டையும் ஒரே வாசிப்பு மேடையிலிருந்து இயக்கும் பெருந்திட்டம் இருந்தது. அது முழுமையாக நிறைவேறவில்லை. நிறைவேறாததே நன்று என்பேன். வெவ்வேறு நூற்றாண்டுகளின் செவிக்கேற்ப அமைந்த இரண்டு குரல்கள் ஒன்றாக்கப்பட்டிருந்தால் இரண்டும் தம் இயல்பை இழந்திருக்கும்.

கடைசியாக 1997இல், அயர்லாந்தின் பிரே நகரைச் சேர்ந்த கென்னத் ஜோன்ஸ் மில்டன் ஆர்கனைப் புதிதாகக் கட்டினார். டாலம் காலத்து மரக்கூட்டையும், புடைப்பு வேலைப்பாடு கொண்ட முகப்புக் குழாய்களையும், எஞ்சியிருந்த பதினேழாம் நூற்றாண்டுக் குழாய்களையும் போற்றிக் காத்தபடியே அந்த வேலை நடந்தது. ஆகவே, இது 1631ஆம் ஆண்டின் ஆர்கன்தானா என்று கேட்பவருக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. முகப்பில் நிற்கும் குழாயைக் காட்டினால் ஆம். வாசிப்பவரின் விரலடியில் உள்ள கட்டைகளைக் காட்டினால் இல்லை. உள்ளே நிற்கும் குழாய்களைப் பற்றிக் கேட்டால், ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். டாலமுக்குப் பின் வந்த கட்டுநர்கள் தமக்கு முன்னவரின் குழாய்களை முற்றிலும் உருக்கிவிடாமல் விட்டுவைத்ததால்தான், இன்று அப்படி எடுத்துப் பார்ப்பதற்கு ஏதோ இருக்கிறது.