முறைப்பாட்டுக்குப் பதில் வேண்டும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கொழும்பு மாநகர சபைக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. அதற்கு முன்னர், 2023 மார்ச் மாதம் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக, மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் ஒருவர்கூட இந்த நகரத்தில் இருக்கவில்லை. ஆணையாளரின் கீழ் காரியாலயம் இயங்கியது; குப்பை வண்டி வந்தது, சோலைவரியும் அறவிடப்பட்டது. ஆனால், எங்கள் ஒழுங்கையில் விளக்கு எரியவில்லை என்று சொல்ல, வாக்குக் கேட்டு வந்த முகம் ஒன்று இல்லை. இப்போது 117 உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நடத்தும் குறைகேள் கூட்டங்களைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

அண்மையில் கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு சனசமூக நிலையத்தில் அப்படியொரு கூட்டத்தில் இருந்தேன். கைக்குழந்தையோடு வந்த ஓர் இளம் தாய் தன் தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். வடிகானின் கொங்கிரீட் மூடி பாதி உடைந்து கிடக்கிறது. யாரும் விழுந்துவிடக் கூடாது என்று அயலவர்கள் ஒரு பழைய டயரைப் போட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார்கள். "மிஸ், முன்பள்ளிப் பிள்ளைகள் இந்த வழியால்தான் போகிறார்கள்" என்றார். உறுப்பினர் ஒழுங்கையின் பெயரையும் பக்கத்து வீட்டு இலக்கத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டு, "மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் எவ்வளவு நிற்கும்?" என்று கேட்டார். முழங்கால் அளவு என்று பதில் வந்தது. அந்தத் தண்ணீரில் டயர் மிதந்து போய்விடும், குழி கண்ணுக்குத் தெரியாது. இடத்தை மனக்கண்ணில் பார்த்தவருக்குத்தான் அப்படியொரு கேள்வி வரும். அதற்காகவே அவரை மெச்சுகிறேன்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெள்ளவத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். கடற்கரைப் பக்க ஒழுங்கை மாநகர சபைக்கு உரியது. அது போய்ச் சேரும் காலி வீதியோ, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. கால்வாயைப் பார்ப்பது காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். குழாய்த் தண்ணீருக்கு இன்னொரு சபை. வீட்டு வாசலில் வெள்ளம் நிற்கும்போது இந்த எல்லைகளையெல்லாம் குடியிருப்பாளர் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்? "அது எங்கள் வேலை இல்லை, அங்கே போய்க் கேளுங்கள்" என்ற பதிலோடு ஒரு நாள் சம்பளத்தை இழந்து வீடு திரும்புகிறவர்கள் எத்தனை பேர்! எந்தக் காரியாலயத்துக்கு உரியது என்று கண்டுபிடித்து, அங்கே கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்து, பதிலை வாங்கி வருவதும் உறுப்பினரின் பொறுப்பு என்றே நான் கருதுகிறேன். முடியாது என்பதும் ஒரு பதில்தான். அதையாவது மக்களிடம் வந்து சொல்ல வேண்டும்.

மீதொட்டமுல்லையை மறந்துவிடாதீர்கள். கொழும்பின் குப்பை மலையாகக் குவிந்த அந்த இடத்தைப் பற்றி அயலில் வாழ்ந்தவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டார்கள், வீதியில் இறங்கிப் போராடினார்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில் அது சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அந்த மக்களின் குரல் யார் காதிலும் விழவில்லை என்று சொல்ல முடியாது. விழுந்தது, அதற்கு மேல் நகரவில்லை.

இன்னொன்று, மொழி. 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. சிங்களத்தில் சரளமாகப் பேசும் நம்மவர்கள்கூட ஒரு படிவத்தை நிரப்பவோ கடிதம் எழுதவோ வேண்டும் என்றால் தயங்கிப் பின்வாங்குகிறார்கள். தமிழில் சொன்ன முறைப்பாட்டைத் தமிழிலேயே பதிந்து, திகதியும் இலக்கமும் இட்ட ஒரு பிரதியைக் கையில் கொடுங்கள். அந்தத் துண்டுக் கடதாசி இருந்தால்தான் அந்தத் தாய் மறுபடியும் வந்து தைரியமாகக் கேட்பார்.

உறுப்பினர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள்கள். கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்கள் பகல் பத்து மணிக்கு வர முடியாது. கூட்டத்தை மாலை ஆறரைக்குப் பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வையுங்கள். புதிய முறைப்பாட்டை எடுக்கும் முன், சென்ற மாதக் கொப்பியைத் திறந்து எது முடிந்தது, எது எந்த மேசையில் கிடக்கிறது என்று எல்லோர் முன்னிலையிலும் வாசியுங்கள்.

நன்றி, வணக்கம்.