டிஃப் கவரை நாமே செய்யலாம்: பலம் விளிம்புலதான்

வணக்கம் மக்களே, டர்பன்ல இருந்து பேசுறேன். பின் ஆக்ஸில் நடுவுல இருக்கற டிஃபரன்ஷியல் கியர்களை மூடுற தகடுதான் டிஃப் கவர். சானி பாஸ் மலைப்பாதை ஏத்தத்துக்கு கம்பெனி கவரே போதும். லெசோத்தோ பபூன்ஸ் பாஸ் மாதிரி, பாறைமேல பாறையா ஏறி இறங்குற இடத்துக்குப் போறவங்களுக்குத்தான் இந்த வேலை. ஜீப் ராங்க்லர் டிஜே மாடலோட பின் ஆக்ஸிலான டானா 44-ஐ வெச்சுக் காட்டுறேன்.

முதல்ல வண்டிக்கு அடியில குனிஞ்சு பாருங்க. ஹைலக்ஸ் பக்கி (பிக்கப்) வெச்சிருக்கற அண்ணன்மாரே, உங்க பின் ஆக்ஸில்ல கழட்டுற கவரே கிடையாது. டிஃப் முன்பக்கமா கழண்டு வரும். பின்னாடி இருக்கற குவிஞ்ச தகடு ஹவுசிங்கோடயே (ஆக்ஸில் கூட்டோடயே) வெல்டு ஆனது. உங்களுக்கு அதுமேல வெல்டு பண்ற காப்புத் தகடுதான் வழி.

இப்போ ஜீப். கம்பெனி கவர் மெல்லிசான அழுத்துத் தகடு. பாறை நடுவுல இடிச்சா உள்ள அமுங்கி, டிஃப்போட பெரிய பல்சக்கரமான கிரவுன் வீல்ல உரசும். ஆனா அதைவிட அதிகமா நடக்கறது வேற: கீழ் விளிம்புல பாறை மாட்டி, தகட்டை உரிச்சுடும், ஆயில் மொத்தமும் ரோட்டுல. நிறைய பேர் நடுப்பகுதியை 10 மில்லிமீட்டருக்குப் போட்டு, விளிம்பை 5 மில்லில விட்டுடறாங்க. அது வீண் எடை.

விளிம்பு வளையத்துக்கு 12 மில்லி, உடம்புக்கு 6 மில்லி, ரெண்டும் எஸ்355ஜேஆர் ஸ்டீல் பிளேட். ஹார்டாக்ஸ்னு சொல்ற தேயாத கடின ஸ்டீலைத் தேடி அலைய வேண்டாம், பாறையில இழுக்கறதுக்கு இதுவே தாங்கும்.

பழைய கவரைச் சுத்தம் பண்ணி 12 மில்லி பிளேட் மேல கிளாம்ப் பண்ணுங்க. எதிரெதிர் ரெண்டு துளையை மட்டும் முதல்ல போட்டு, போல்ட் போட்டுப் பூட்டிட்டு, மீதி எட்டையும் அப்புறம் போடுங்க. பத்தையும் சென்டர் பஞ்ச்ல குறிச்சுக்கிட்டுப் போட்டா, கடைசி ரெண்டு கண்டிப்பா விலகும்.

போல்ட் தலை பாறையில அடிபடுமேன்னு ஆலன் போல்ட்டைக் குழிக்குள்ள இறக்கணும்னு தோணும். 3/8 இன்ச் ஆலன் போல்ட்டோட தலை உயரமே 9.5 மில்லி. 12 மில்லி வளையத்துல அதை முழுசா இறக்கினா அடியில 2.5 மில்லிதான் மிஞ்சும். கம்பெனி தகட்டுக்கே திரும்பிப் போன கதை. அதனால சாதா ஆறுமுகத் தலை போல்ட்டே போடுங்க. கீழ் போல்ட்டுகளுக்கு நடுவுல 10 மில்லி உயரத்துல பட்டை வெல்டு பண்ணுங்க, பாறை அதுமேல வழுக்கிப் போயிடும். சாக்கெட் நுழைய இடம் விட மறக்காதீங்க.

உடம்புக்கு அட்டையில மாதிரி வெட்டி, 6 மில்லி பிளேட்டைத் துண்டு துண்டா சேர்க்கலாம். கீழ்முகம் 45 டிகிரி சாய்வா இருக்கட்டும், செங்குத்தா நின்னா மாட்டும். வெல்டு பண்றதுக்கு முன்னாடி டேக் (புள்ளி வெல்டு) மட்டும் வெச்சு, உள்பக்கம் களிமண் ஒட்டி, நாலு போல்ட்ல பூட்டி, புரொப்பெல்லர் ஷாஃப்டை அஞ்சாறு சுத்து சுத்துங்க. கழட்டிப் பார்த்தா எங்க மெலிசா அமுங்கியிருக்கோ அங்க 6 மில்லியாவது இருக்கணும். பனார்டு ராடு (ஆக்ஸில் பக்கவாட்டுல நகராமப் பிடிக்கிற கம்பி), பெட்ரோல் டேங்க் கார்டு ரெண்டையும் சஸ்பென்ஷன் முழுசா அமுங்கின நிலையில பாருங்க.

இந்த வேலையையே கெடுக்கறது வெல்டிங்தான். வளையம் வளைஞ்சுடும். ஸ்கிராப்யார்ட்ல ஒரு செத்த ஹவுசிங் கிடைச்சா வாங்கி, அதுல பத்து போல்ட்டும் போட்டுப் பூட்டிட்டு வெல்டு பண்ணுங்க. வண்டியில மாட்டி வெச்சுப் பண்ணாதீங்க, கரண்ட் பேரிங் வழியா போனா பேரிங் போச்சு. ஈஆர்70எஸ்-6 வெல்டிங் கம்பி, ஒரு தடவைக்கு 30, 40 மில்லி, அப்புறம் நேர் எதிர்பக்கம். முழுசா ஆறினப்புறம்தான் போல்ட்டைக் கழட்டணும். அவசரப்பட்டுச் சூட்டோட கழட்டினா அங்கேயே முறுக்கிக்கும்.

ஆறினதைத் தடிச்ச கண்ணாடி மேல கவுத்து, 0.1 மில்லி ஃபீலர் கேஜ் (இடைவெளி பார்க்கற மெல்லிசான தகடு) விட்டுப் பாருங்க. எங்கயாவது நுழைஞ்சா மில்லிங் மெஷின்ல ஒரு கட் எடுக்கணும். சிலிகான் அடைச்சுக்கும்னு விட்டா, முதல் நீண்ட பயணத்துல கசியும்.

வெல்டுல பின்ஹோல் (ஊசித் துளை) பார்க்க: வெளிப்பக்கம் வெல்டு மேல சாக்பீஸ் தேய்ச்சு, உள்ள பாரஃபின் (மண்ணெண்ணெய்) ஊத்தி அரை மணி வைங்க. ஈரமாத் தெரியற புள்ளியைக் கிரைண்ட் பண்ணித் திரும்ப வெல்டு பண்ணுங்க. மேலயே பூசி மூடாதீங்க.

ஆயில் ஊத்துற துளை பழைய கவர்ல இருந்த அதே உயரத்துல இருக்கணும். உயர்த்தினா ஆயில் கூடிப்போய் பிரீதர் (காத்துப்போக்கி) வழியாவும் ஆக்ஸில் சீல் வழியாவும் பிதுங்கும். தாழ்த்தினா பினியன் பேரிங் காயும்.

போல்ட் நீளமும் பாருங்க. பழைய கவர் விளிம்பைவிட வளையம் எவ்வளவு தடிச்சிருக்கோ அவ்வளவு மட்டும்தான் கூடணும். அதிகமானா துளையோட அடியில முட்டி நிக்கும்; டார்க் ரென்ச் ‘டக்’குனு சொல்லும், கவர் மட்டும் பிடிச்சிருக்காது. டானாவுல பெரும்பாலும் இன்ச் மரை, அதனால பழைய போல்ட்டைக் கடைக்குக் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்க. மெட்ரிக்கைத் திணிச்சா மரை போயிடும்.

ரெண்டு முகத்தையும் பிரேக் கிளீனர்ல துடைச்சு, சிலிகானை 3 மில்லி கோடா, துளைகளோட உள்பக்கமா இழுத்து, உடனே மாட்டி, எதிரெதிரா இறுக்குங்க. டிஜே மேனுவல் 41 நியூட்டன் மீட்டர் சொல்லுது. ராத்திரி முழுக்க விட்டுட்டு, காலையில சமதளத்துல நிறுத்தி ஆயில் ஊத்துங்க. புதுக் கவர் ஆழமா இருந்தா கொள்ளளவு கூடும், அதனால லிட்டர் கணக்கை நம்பாம துளை மட்டத்தைப் பாருங்க.