கம்பியில் இருந்த கை

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, ஆடிப் பண்டிகைக் கூட்டத்தையும் கடந்து இந்த அரங்குக்கு வந்திருக்கும் சேலத்துப் பெரியோர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தொலைக்காட்சித் தொடரில் வரும் சின்னச் சின்ன அசைவுகளில் ரசிகர்கள் உடன்பிறப்புப் பாசத்தைக் காண்கிறார்களே, அந்தப் பாசம் படைப்பில் இருக்கிறதா, பார்ப்பவர் மனத்தில் மட்டும் இருக்கிறதா? இதுதான் இன்றைய தலைப்பு. படைப்பில் இருக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். கொடுத்த தலைப்புக்காகப் பேசவில்லை. எனக்கு அதில் முழு நம்பிக்கை இருக்கிறது.

எதிரணித் தலைவர் 'சூப்பர்நேச்சுரல்' என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொண்டார். 2005-ல் தொடங்கி 2020 வரை ஓடிய தொடர். 15 சீசன், 327 எபிசோடு. பேய் பிசாசுகளை வேட்டையாடும் அண்ணன் டீன், தம்பி சாம், இவர்கள் கதை. "டீன் கழுத்தில் தொங்குவது யாரோ மாட்டிவிட்ட அலங்காரப் பொருள். அதில் தம்பிப் பாசம் தெரிகிறது என்பது ரசிகர்களின் ஏக்கம். எழுதியவரே நினைக்காததை நீங்கள் எப்படி நினைக்கலாம்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பதில் சொல்வதற்கு முன் உங்களை ஏற்காடு பஸ்ஸில் கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போகிறேன்.

எங்கள் அப்பாவுக்கு ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை. நானும் அண்ணனும் சேலத்தில் பாட்டி வீட்டில் தங்கிப் படித்தோம். சனிக்கிழமையானால் மலைக்கு பஸ் ஏறுவோம். 20 கொண்டை ஊசி வளைவு. மூன்றாவது வளைவிலேயே எனக்குத் தலை சுற்றும், கண்ணை மூடி முன்னால் சாய்ந்துவிடுவேன். ஜன்னலோரம் எனக்கு, பக்கத்து இடம் அண்ணனுக்கு. அவன் கை எப்போதும் முன்சீட்டுக் கம்பியின் மேல் இருக்கும். வளைவு திரும்பும்போது என் நெற்றி போய் இடிப்பது கம்பியில் இல்லை, அவன் புறங்கையில். மேலே போய் இறங்கும்போது அந்தக் கை சிவந்திருக்கும். பல வருஷம் கழித்து, "ஏண்ணா அப்படிப் பிடிச்சுக்கிட்டு வருவே?" என்று கேட்டேன். "பஸ்ஸு ஆடுது, கம்பியப் பிடிக்காம வேற என்னத்தப் பிடிப்பாங்க?" என்றான்.

நடுவர் அவர்களே, செய்தவனே இல்லை என்கிறான். அதனால் அந்தக் கையில் பாசம் இல்லை என்று தீர்ப்பு எழுதுவீர்களா? எழுதியவர் நினைத்தாரா என்று கேட்கும் எதிரணிக்கு என் முதல் பதில் அந்தச் சிவந்த கைதான்.

நம் வீடுகளில் எந்த அண்ணன் "உனக்கு நான் இருக்கிறேன்" என்று வாயால் சொல்கிறான்? "சாப்ட்டியா?" என்பான், "வண்டிய மெதுவா ஓட்டு" என்பான். காக்கிற பாசத்துக்குப் பேச்சு கிடையாது, செய்கை மட்டும்தான். அதைப் பார்க்க வேண்டுமானால் கையைத்தான் பார்க்க வேண்டும்.

இது இன்றைய ரசிகர்கள் கண்டுபிடித்த பழக்கமும் இல்லை. கம்பனின் அயோத்தியா காண்டத்தில், காட்டுக்கு வந்த ராமனும் சீதையும் கங்கைக் கரையில் தூங்கிய இரவை இலக்குவன் எப்படிக் கழித்தான் என்று பரதன் கேட்கிறான். குகன் என்ன சொல்கிறான்? "தமையன் மேல் அவனுக்கு அன்பு அதிகம்" என்று சொல்லவில்லை. வில்லை ஊன்றிய கையைச் சொல்கிறான். சுடுகின்ற மூச்சைச் சொல்கிறான். கண்ணில் வழிந்த நீரைச் சொல்கிறான். விடியும்வரை இமைக்காத விழியைச் சொல்கிறான். குகனும் அன்று இரவு தூங்காமல் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான், அதனால்தான் இத்தனையும் அவன் கண்ணில் பட்டது. குகன் கண்டது கற்பனை என்று எதிரணி சொல்லுமா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சட்டை நிறத்துக்கெல்லாம் அர்த்தம் தேடுகிறவர்கள் உண்டு, அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்தச் செய்கையால் செய்தவனுக்கு ஏதாவது நட்டம் உண்டா? முதல் சீசனிலேயே ஒரு காட்சி. சிறுவன் டீன் தம்பிக்குச் சாப்பாடு சூடாக்கி வைக்கிறான். தம்பிக்கு அது வேண்டாம், டப்பாவில் இருக்கும் இனிப்பான காலை உணவுதான் வேண்டும். மிச்சமிருப்பது ஒரு கிண்ணம், டீன் அதை இன்னும் வாயில் வைக்கவே இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்துவிடுகிறான். ஒரு நிமிஷக் காட்சி, யாரும் பாசம் என்ற சொல்லை உச்சரிக்கவில்லை. கம்பி மேல் இருந்த கையும் இதுவும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

இப்போது எதிரணித் தலைவர் சொன்ன கழுத்துப் பொருளுக்கு வருகிறேன். நம் ஊர்க் கணக்கில் அது ஒரு தாயத்து. கயிற்றில் கோத்த, கொம்பு வைத்த ஒரு சின்னத் தலை. தொடக்கத்தில் அது வெறும் அலங்காரமாகவே இருந்திருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை. 2007-ல் வந்த கிறிஸ்துமஸ் எபிசோடில்தான் கதை தெரிகிறது: அப்பாவுக்கென்று சாம் வைத்திருந்த பரிசு அது. அப்பா வரவில்லை, பக்கத்தில் இருந்தது அண்ணன்தான், அதனால் அண்ணனுக்குக் கொடுத்தான். 2010-ல் மனம் உடைந்த டீன் அதைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போகிறான். தொட்டியோடு காட்சி முடிகிறது. சாம் திரும்பி வந்து எடுத்திருப்பான் என்று ரசிகர்கள் சொன்னார்கள். திரையில் யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்தத் தம்பியை ஐந்து சீசன் பார்த்தவர்களுக்கு அவன் விட்டுவிட்டுப் போகமாட்டான் என்று தெரியும். ஆறு வருஷம் கழித்து, 2016-ல், அந்தத் தாயத்து சாமின் பையிலிருந்து வெளியே வந்தது!

நடுவர் அவர்களே, இல்லாத ஒன்றை ரசிகர்கள் கற்பனை செய்திருந்தால் அது எப்படித் திரும்பி வந்திருக்கும்? ரசிகர்கள் சொன்னதைக் கேட்டுத்தான் எழுதினார்கள் என்று எதிரணி எழுந்து சொல்லலாம். அப்படியே இருக்கட்டும். பொருந்தாத ஒன்றாக இருந்தால் எழுதுகிறவர்கள் ஏற்றிருப்பார்களா? அந்தத் தம்பிக்குள் அது முன்பே இருந்தது, முதலில் பார்த்தது ரசிகன்.

கடைசியாக ஒரு பொம்மையைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஐந்தாவது சீசனின் கடைசி எபிசோடு. சாமின் உடம்புக்குள் சாத்தான் புகுந்திருக்கிறான். உலகமே அழியப்போகிறது. அந்தக் கைகள் டீனைக் கார் மேல் சாய்த்து அடிக்கின்றன. டீன் திருப்பி அடிக்கவில்லை, "நான் இங்கேதான் இருக்கிறேன், உன்னை விட்டுப் போகமாட்டேன்" என்கிறான். அடி நிற்கவில்லை. அப்போது சாமின் கண் காருக்குள் போகிறது. சாம்பல் தட்டில் ஒரு பிளாஸ்டிக் சிப்பாய் பொம்மை. சின்ன வயதில் அவனே சொருகி வைத்தது, இத்தனை வருஷமாக அங்கேயே இருக்கிறது. அதைப் பார்த்ததும் ஓங்கிய கை நின்றுவிடுகிறது. தம்பிக்குத் தன் நினைவு திரும்புகிறது.

உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அந்தத் தொடரை எடுத்தவர்களே விரல் நீளப் பொம்மையிடம் கொடுத்திருக்கிறார்கள். தீர்ப்பு எழுதும்போது அந்தப் பொம்மையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். நன்றி, வணக்கம்.